கம்பிக் கதவு மசோதா

ஹால்வர் ட்வெய்ட்டன்
என்னிடம் பதினொரு ஓட்டில் தோற்றார்.
முதலில் பன்னிரண்டு.
மறு எண்ணிக்கையில் ஒன்று அவர் பக்கம் போயிற்று.

கவுண்டி அலுவலகத்து நிலவறையில்
இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி.
வெளியே மொன்டானாவின் நவம்பர், மைனஸ் பத்தொன்பது.
எழுத்தர் மாவிஸ் ஒவ்வொரு சீட்டாய் விளக்கில் பிடிக்க
பரீட்சை முடிவுக்கு வந்த பிள்ளைகள் மாதிரி
அவரவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டிருந்தோம்.
ஒரு சீட்டில் இருவர் பெயரையும் சுழித்து
"ரெண்டு பேரும் வீட்டுக்குப் போங்க" என்று
யாரோ பென்சிலில் எழுதியிருந்தார்கள்.
செல்லாது, என்றாள் மாவிஸ்.
இது ஒன்றுதான் செல்லும், என்றார் ஹால்வர்.
தெர்மாஸில் மிஞ்சிய காப்பியை
மூடியில் ஊற்றி என்னிடம் நீட்டினார்.
சர்க்கரை தூக்கல்.

நான்கு முறை ஜெயித்தவர்.
இரண்டாண்டுக்கு ஒருமுறை, தொண்ணூறு நாள் சபை.
ஜனவரியில் மாடுகளைத் தம்பியிடம் விட்டுவிட்டு
ஹெலெனாவுக்கு ஐந்து மணி நேரம் ஓட்டிப் போவார்.
ஏப்ரல் கடைசியில் திரும்பும்போது
கன்றுகள் பிறந்து எழுந்து நின்றிருக்கும்.
அவர் பெயரில் நிறைவேறிய சட்டம் ஒன்றே ஒன்று:
மேய்ச்சல் நிலத்துக் கம்பிக் கதவைத்
திறந்தவரே மூட வேண்டும்.
மூடாவிட்டால் ஐம்பது டாலர்.
நகரத்து உறுப்பினர் ஒருவர் சிரித்திருக்கிறார்.
"உங்க வீட்டு முகவரி சொல்லுங்க,
கதவைத் திறந்து போட்டுட்டு வர்றேன்"
என்றிருக்கிறார் இவர்.
அவைக்குறிப்பில் இருக்கிறது.

அவைக்குறிப்பில் இன்னொன்றும் இருக்கிறது.
சிற்றூர் ஆஸ்பத்திரி மானியம் நிறுத்தும் மசோதா.
ட்வெய்ட்டன்: ஆம்.
அந்த ஆமை அட்டையில் அச்சடித்தேன்.
பிரசவ வார்டு மூடிய தேதியைச் சிவப்பில் போட்டேன்.
பனிக்குள் வீடு வீடாய் ஏறி இறங்கிக் கொடுத்தேன்.
பொய் ஒரு எழுத்துக்கூட இல்லை அதில்.
படத்தில் அவர் கண் பாதி மூடியிருந்தது.
நாற்பது படத்தில் அதைத் தேடி எடுத்தது நான்தான்.

ஜனவரியில் அவர் மேசை எனக்கு வந்தது.
இழுப்பறையில்
இருமல் மிட்டாய்,
கம்பி வெட்டும் குறடு,
நாலாய் மடித்த ஒரு தாள்.
தாளில் இரண்டு பத்தி: வார்டு, பாலம்.
வருஷத்துக்கு எத்தனை பிரசவம்,
மில்க் நதி கரை புரளும் வாரங்கள் எத்தனை,
பாலம் இடிந்தால் ஆம்புலன்ஸ் சுற்றும் மைல் எத்தனை.
அடித்து அடித்து எழுதிய கணக்கு.
கடைசி வரியில் விடை இல்லை,
பேனா துளைத்த ஓட்டை.

பாலம் கட்டியாயிற்று.
நான்தான் ரிப்பன் வெட்டினேன்.
தாளைப் பற்றி யாரிடமும் மூச்சு விடவில்லை.

இரண்டாம் தவணையில்
எனக்கும் வந்தது அப்படியொரு தாள்.
ஒரு பக்கம் பள்ளிக்கூடம், மறு பக்கம்
சொல்ல வேண்டாம், விடுங்கள்.
பச்சைப் பொத்தானில் விரல் வைத்தேன்.
பொத்தான் வழவழவென்று தேய்ந்திருந்தது.
அடுத்த நவம்பரில் தொள்ளாயிரம் ஓட்டில் தோற்றேன்.
என்னை வென்ற பையனுக்கு
படம் தேடும் சிரமமே இல்லை,
எல்லாப் படத்திலும் என் கண் மூடித்தான் இருக்கிறது.

முன்னாள் என்ற சொல்லுக்குள்
ஒரு நாள் உட்கார்ந்திருக்கிறது.
பதவியேற்ற நாளா, பொத்தானை அழுத்திய நாளா,
காப்பி மூடியை வாங்கிக்கொண்ட நாளா,
இன்னும் பிடிபடவில்லை.

போன செவ்வாய், தீவனக் கடை.
உப்புக்கட்டி ஏற்றிக்கொண்டிருந்தார்.
எண்பதை நெருங்கியிருப்பார்.
பத்து வருஷமாய் வாய்க்குள் வைத்திருந்ததைச்
சொல்லியே விட்டேன்:
"உங்க மேசையில் ஒரு தாள் இருந்தது.
எடுத்து வைத்திருக்கிறேன்."

நிமிர்ந்தார்.
கண் முழுசாய்த் திறந்திருந்தது.
"குறடு?" என்றார்.
"குறடு இருந்ததே, அது எங்கே?"